துளி இருக்கட்டும்

பக்கத்து வீட்டு அக்காவின் சோற்றுப் போசியின் அடியை நான் பார்த்ததே இல்லை. எத்தனை பேர் சாப்பிட உட்கார்ந்தாலும், எத்தனை தரம் கரண்டி உள்ளே போய் வந்தாலும், கடைசியில் ஒரு கைப்பிடிச் சோறு போசியின் அடியில் கிடக்கும். "அதையும் போட்டு முடிச்சுருங்கக்கா, எதுக்கு வீணா" என்று நான் போசியைச் சாய்த்தால் கையைப் பிடித்துக்கொள்வார்.

"வழிக்காத கண்ணு. துளி இருக்கட்டும்."

சோறு மட்டும் என்றால் விட்டுவிடலாம். காப்பி டம்ளரில் ஒரு மடக்கு நிற்கும். தேய்ந்து போன சோப்பு புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். தினசரிக் காலண்டரின் கடைசித் தாளைக் கிழிக்க மாட்டார். பழைய அட்டை அந்த ஒற்றைத் தாளோடு ஆணியில் தொங்க, அதன் மேலேயே புதுக் காலண்டரை மாட்டுவார். வாசலில் கோலம் போட்டால் ஒரு புள்ளி கம்பிக்குள் சிக்காமல் வெளியே நிற்கும். முதல் தடவை பார்த்தபோது தவறிவிட்டது என்று நினைத்து நானே குனிந்து இழுத்து மூடப் போனேன். அதற்கும் "இருக்கட்டும்" தான்.

"இதென்னங்கக்கா பழக்கம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தயிருக்கு உறை ஊத்தறதில்லையா? பழசு துளி இருந்தாத்தான கண்ணு, புதுசு வந்து சேரும்?"

எனக்கு இதெல்லாம் ஒத்து வராது. நான் தாராபுரத்துக்காரி. பாத்திரத்தை வழித்து, கழுவி, துடைத்துக் கவிழ்த்தால்தான் எனக்கு ஒரு வேலை முடிந்த மாதிரி இருக்கும். கல்யாணமாகி சிங்காநல்லூரில் வாடகை வீட்டுக்கு வந்தபோது, என் அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே அவருடைய அடுப்படி ஜன்னல் அமைந்துவிட்டது. நடுவில் இடுப்பளவு காம்பவுண்டு சுவர். அந்தப் பக்கம் ஒரு மிச்சம் வைக்கிறவர், இந்தப் பக்கம் ஒரு துடைத்து வைக்கிறவள். சண்டை வந்திருக்க வேண்டும். எப்படியோ ஒட்டிக்கொண்டோம்.

அவர் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எந்தப் பிள்ளைக்கும் நூற்றுக்கு நூறு போட மாட்டார். விடைத்தாள் முழுக்கச் சரியாக இருந்தாலும் தொண்ணூற்றொன்பது. ஒரு தடவை ஒரு பெண்ணின் அப்பா விடைத்தாளோடு வீட்டுக்கே வந்துவிட்டார். நான் சுவரோரம் துணி காயப்போடுகிற சாக்கில் நின்றுகொண்டேன்.

"ஏனுங்க டீச்சர், எந்தக் கணக்குலீங்க என்ர பொண்ணு தப்புப் பண்ணுச்சு?"

"தப்பே இல்லீங்க. அத்தனையும் சரிங்க."

"அப்பறம் அந்த ஒரு மார்க்குங்?"

"அது அவளுக்குத்தானுங்க இருக்குது. இப்பவே குடுத்துட்டா, அடுத்த பரீட்சைக்கு என்ன பண்ணுவா?"

சண்டை போட வந்த மனிதர் அக்கா கையால் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார். டம்ளரில் ஒரு மடக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போனார் என்பதுதான் எனக்குச் சிரிப்பு. அக்காவோடு பத்து நிமிஷம் பேசினால் அது தொற்றிக்கொள்ளும்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அந்தக் குடும்பத்தில் மிஞ்சியது அக்காவும் அவர் தம்பியும்தான். அக்காவை விட ரொம்பச் சின்னவன். அவனைத் தூக்கி வளர்த்ததிலேயே அக்காவின் கல்யாண வயசு போய்விட்டது என்று தெருவில் சொல்வார்கள். அக்கா சொன்னதில்லை. அவன் கருமத்தம்பட்டியில், அவினாசி ரோட்டோரமாக, காருக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறை வைத்திருந்தான். பழைய கார் ஒன்றை வாங்கி வந்து, ஊரான் வண்டி வேலையெல்லாம் முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிச் சீராக்கி, கடைசியில் அதற்கு மேட் பெயிண்ட் அடித்து வீட்டுக்கு ஓட்டிவந்தான். கரும் சாம்பல் நிறம். பளபளப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. அம்மிக்கல் மாதிரி வாசலில் நின்றது.

தெருவே கூடிவிட்டது. "ஏந் தம்பி, இன்னும் பெயிண்டு அடிக்கலயா?" என்று எதிர்வீட்டுப் பெரியவர் அக்கறையாகக் கேட்டார். இதுதான் பெயிண்ட் என்று அவனும் பொறுமையாகச் சொன்னான். அவர் நம்பவில்லை. எனக்கும் நம்பிக்கை வரவில்லை, உள்ளதைச் சொன்னால். அக்காவுக்கு மட்டும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனது.

"பாரு கண்ணு, கடைசி மினுமினுப்பை மட்டும் போடாம உட்டுட்டான். என்ர தம்பியல்ல!"

அந்தக் காரைக் கழுவுவதற்கு அவன் வைத்திருந்த சட்டதிட்டம் ஒரு பள்ளிக்கூடம் நடத்தப் போதும். வெயிலில் நிற்கும்போது கழுவக் கூடாது. வறட்டுத் துணி படவே கூடாது. முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியைக் கிளப்பிவிட வேண்டும். அதற்கென்று தனி ஷாம்பு, பூப்போன்ற தனித் துணி. மெழுகு, பாலிஷ் என்ற பேச்சே வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. காக்கை எச்சமிட்டால் சுரண்டக் கூடாது. காய்ச்சல்காரன் நெற்றியில் போடுகிற மாதிரி ஈரத் துணியை அதன்மேல் போட்டு, ஊறினதும் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தேய்க்கக் கூடாது.

"தேய்ச்சா என்னாகும்?" என்று கேட்டேன்.

"பளபளன்னு ஆயிரும்ங்க."

"ஆனா நல்லதுதான?"

தலையில் அடித்துக்கொண்டான். "மத்த காருக்குத் தேய்ச்சா மினுக்கு வரும், இதுக்குத் தேய்ச்சா அது காயம்ங்க. ஒருக்கா ஒரு எடத்துல மினுக்கு வந்துட்டா அவ்வளவுதான், திரும்பப் போகாது. அந்தத் தகட்டையே பூராச் சுரண்டிப் புதுசா அடிக்கோணும். அதனால ஒத்தித்தான் எடுக்கோணும்."

ஒத்தி எடுப்பது. அந்த வார்த்தையை அக்கா பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று காரை ஒத்தி எடுப்பதை நான் ஜன்னலில் பார்ப்பேன். கோயிலில் தீபாராதனைத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொள்கிறோமே, அந்த அழுத்தம்தான். அதற்கு மேல் இல்லை. "ஒரு கார் வண்டிக்கு இத்தனை சீராட்டா" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுப்பார். அவர் தன் ஸ்கூட்டரைத் தீபாவளிக்குத் தீபாவளி கழுவுகிறவர்.

ஒரே ஒரு தடவைதான் எனக்கு அக்கா மேல் நிஜமாகவே கோபம் வந்தது. எங்கள் பக்கம் குழாயில் இரண்டு தண்ணி. போர்த் தண்ணி எப்போதும் வரும், வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணி சிறுவாணி. அது வருகிற நாள் தெருவே குடத்தோடு நிற்கும். கோடையில் அது வருவதே அபூர்வமாகிவிட்டது. அப்படிப்பட்ட ஒரு நாளில் அக்கா நல்ல தண்ணியைப் பக்கெட்டில் பிடித்துக் காருக்கு ஊற்றினார். கண் முன்னால்!

"குடிக்கற தண்ணிங்கக்கா அது! சனங்க கொடத்தைத் தூக்கிட்டு அலையுது!"

"உப்புத் தண்ணி பட்டா வெள்ளை வெள்ளையாத் திட்டு உழுந்துருமாம் கண்ணு. மேட் பெயிண்டுல அது போகாதாம்."

"அதுக்கு?"

"என்ர பங்குக் குடத்துலதான் ஊத்தறேன். நான் அக்கட்டால போயி மோரு குடிச்சுக்கறேன், போ."

அன்றைக்கு நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் பணியாரம் சுவர் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது காலியாகத் தரக் கூடாதே என்று நானும் எதையோ போட்டுக் கொடுத்தேன். கோபம் அதோடு போயிற்று.

இனி சொல்லப் போவதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

அது ஒரு சாதாரணக் காலை. அக்கா கச்சாயம் சுட்டிருந்தார். அரிசியும் வெல்லமும் அரைத்து எண்ணெயில் சுடுவது. கையில் எடுத்தால் எண்ணெயும் பாகுமாக விரலெல்லாம் ஒட்டும். எனக்கும் ஒரு தட்டுக் கொடுக்கச் சுவரோரம் வந்து நின்றார். தம்பி காரின் டிக்கியிலிருந்து பட்டறைக்கு வேண்டிய ஏதோ டப்பாவை எடுத்துப் பைக்கில் கட்டினான். வாயில் ஒரு கச்சாயம், கையில் ஒரு கச்சாயம். பிறகு, ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிற அதே பையன், கையில் இருந்ததை வாயில் திணித்துக்கொண்டு, அந்தக் கையாலேயே டிக்கி மூடியை அழுத்தி மூடினான்.

ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே பதிந்தன. பளபளக்கிற கார் என்றால் தெரிந்திருக்காது. மேட் பெயிண்டில் எண்ணெய் பட்டால் மறைக்க முடியாது.

அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "டேய், உன்ர கையைப் பாருடா! நாங்க தொட்டா மட்டும் குதிப்ப!"

அவனும் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "நீ தொட்டுறாதக்கா. தேய்ச்சுக் கெடுத்துப்போடுவ. வந்து நானே தொடைச்சுக்கறேன். வாரேன்."

பைக் போய்விட்டது. மத்தியானம் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் போய்விட்டான். முப்பது வயசு ஆகவில்லை. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் முடியாது.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அக்கா காரைக் கழுவினார். நான் ஜன்னலில் நின்றேன். நிழல் விழக் காத்திருந்தார். நல்ல தண்ணி ஊற்றினார். ஒத்தி ஒத்தி எடுத்தார். அவன் சொன்ன ஒரு சட்டத்தையும் மீறவில்லை. டிக்கி மூடிக்கு வந்ததும் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, ஈரத் துணியின் நுனியால் அந்தக் கையைச் சுற்றி மட்டும், படாமல், விரலுக்கும் விரலுக்கும் நடுவில் கூடப் போகாமல், துடைத்தார். கை அங்கேயே இருந்தது.

நான் சுவரோரம் போனேன். அவரே சொன்னார்.

"வந்து தொடைச்சுக்கறேன்னு சொல்லிட்டுப் போனான் கண்ணு. நீ தொடாதன்னான்."

புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். இல்லை. பேரூர் ஆற்றில் அவன் அஸ்தியைக் கரைத்தவர் அவர். அவன் வர மாட்டான் என்பது அவருக்கு என்னை விடத் தெரியும். தெரிந்துதான் வைத்திருந்தார். பள்ளிக்குப் போனார், கணக்குச் சொல்லிக்கொடுத்தார், தொண்ணூற்றொன்பது போட்டார். யாராவது துக்கம் கேட்டால் "என்னங்க பண்றது" என்றார். ஆனால் அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அவர் அத்தனையும் செய்தார் என்று எனக்குத் தோன்றும். அந்த வீட்டில் உறை ஊற்ற மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

சாரல் அடித்தால் போர்ட்டிகோவுக்குள்ளும் தண்ணீர் வரும். அப்போதெல்லாம் ஒரு குடையை விரித்து டிக்கியின் மேல் சாய்த்து வைப்பார். போர்ட்டிகோவின் கூரைக்குக் கீழே கார், காரின் மேல் குடை. தெருவில் போகிற பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும். மேலே உறை போட்டு மூடலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். காற்றில் அசைந்து உறை உரசும் என்று தம்பி சொல்லியிருக்கிறானாம். டேப் ஒட்டிக் காகிதம் மூடலாமே என்று நான் கேட்டேன்; பசை பெயிண்டை உரித்துவிடும் என்றும் அவன் சொல்லியிருக்கிறானாம். எல்லா வழியையும் அவனே அடைத்துவிட்டுப் போயிருந்தான். குடை மட்டும்தான் அவன் சட்டத்தில் இல்லை.

நாள் போகப் போக விரல்களின் மேல் தூசி படிந்து, கை இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. தெரியாத ஒருவர் பார்த்தால் யாரோ அழுக்குக் கையை வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். அது எனக்கு உள்ளூர ஒரு பயமாகவே இருந்தது. வாசலுக்கு வருகிற ஒவ்வொருவர் கையையும் பார்ப்பேன்.

வருஷத் திதி வந்தது. காங்கேயத்திலிருந்து அக்காவின் தாய்மாமன் வீட்டு அத்தை முதல் நாள் சாயங்காலமே வந்துவிட்டார். அவர்களுக்கு அங்கே தேங்காய் எண்ணெய் ஆலை. அந்த அத்தைக்கு உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். தலைவலிக்கு, கதவு கிறீச்சிட்டால், சாமி சிலைக்கு, மாட்டுக் கொம்புக்கு. வரும்போதே ஒரு டின் கொண்டுவந்திருந்தார். நல்ல மனுஷி. பொய் சொல்லக் கூடாது, தம்பி செத்த அன்று அக்காவை மடியில் போட்டு வைத்திருந்தவர் அவர்தான்.

மறுநாள் விடிந்ததும் அக்கா குளிக்கப் போனார். அத்தை சும்மா உட்காருகிற ஆளில்லை. திதி நாளில் வீடு வாசல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று பெருக்கினார், தெளித்தார், பூஜையறைக் குத்துவிளக்கைத் திருநீறு போட்டுத் தேய்த்தார். பிறகு வாசலுக்கு வந்தார். நான் அப்போது அடுப்படியில் பாலை இறக்கிக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை. சீரான ஒரு சத்தம் மட்டும் கேட்டது, பாத்திரம் விளக்குகிற மாதிரி. அத்தை ஏதோ விளக்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஜன்னலுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அத்தை இடது கையில் திருநீற்றுத் தட்டும் வலது கையில் எண்ணெய்த் துணியுமாக டிக்கிக்குப் பின்னால் நின்றார். முந்தானையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். தலையில் ஈரத் துண்டோடு அக்கா வாசற்படியில் நின்றார்.

"வா அம்மணி, வந்து பாரு! தம்பி வண்டி அழுக்கோட நிக்கலாமா? எவனோ எச்சக் கைய வெச்சுப் போயிருக்கறான். லேசுல போகல. குத்துவெளக்குக்குப் போடறாப்பல திருநீறு போட்டு, நம்ம எண்ணெய உட்டு, கை ஓயத் தேச்சேன். இப்பப் பாரு, எப்புடி மின்னுது! மூஞ்சி தெரியுது பாரு!"

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தி என்ன ஆகப்போகிறது?

அக்கா மெதுவாக இறங்கி வந்தார். டிக்கிக்கு முன் குனிந்தார். அந்தக் கரும் சாம்பல் நிறத்தின் நடுவே, தட்டு அகலத்துக்கு, ஒரு வட்டம் மட்டும் பளபளத்தது. அதில் அக்காவின் முகம் தெரிந்திருக்க வேண்டும். வெகுநேரம் அதையே பார்த்தார். அத்தை பக்கத்தில் நின்று, பாராட்டுக்காகக் காத்திருக்கிற குழந்தை மாதிரி அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவன் இருந்திருந்தா இப்புடித்தான் வெச்சிருப்பான்" என்றார்.

அக்கா நிமிர்ந்தார்.

"தெரியுதுங்கத்தை" என்றார். "நல்லா இருக்குதுங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? உள்ள வாங்க, காப்பி குடிக்கலாம்."

எங்கள் ஊர் மரியாதையை வெளியூர்க்காரர்கள் புகழ்ந்து பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வரும். ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை அழுதிருக்கலாம். "வாங்க" என்றும் "நல்லா இருக்குதுங்க" என்றும் சொல்லியே பழகிய வாய்க்கு வேறு எதுவும் வரவில்லை. அத்தைக்குக் கடைசிவரை தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

திதி நடந்தது. காக்கைக்குச் சோறு வைத்தார்கள். உறவினர்கள் சாப்பிட்டார்கள். நான்தான் பந்தியில் பரிமாறினேன். அக்கா எல்லோரையும் பேர் சொல்லி விசாரித்து, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று உபசரித்தார். வெயில் தாழ அத்தையும் கிளம்பினார். எண்ணெய் டின்னை அடுப்படியில் வைத்துவிட்டு, அக்காவின் கன்னத்தை வழித்துத் தன் தலையில் விரலைச் சொடுக்கி, "வாரேன் அம்மணி" என்றார். போகிற போக்கில் காரின் அந்தப் பளபளப்பை ஒரு தடவை தடவிவிட்டுப் போனார்.

நான் வீட்டுக்கு வந்து என் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினேன். ஜன்னல் திறந்திருந்தது. எதிர் அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அத்தனை வருஷத்தில் அந்த ஜன்னலிலிருந்து நான் கேட்டிராத சத்தம். முதலில் என்னவென்றே விளங்கவில்லை. ஈரக் கையோடு எட்டிப் பார்த்தேன்.

அக்கா சோற்றுப் போசியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கரண்டியால் அடியை வழித்துக்கொண்டிருந்தார். ஓரம் சுற்றி ஒரு தடவை, அடி சுற்றி ஒரு தடவை. ஒட்டியிருந்த பருக்கைகளையும் விரலால் சுரண்டி எடுத்துத் தட்டில் போட்டார்.

"அக்கா," என்றேன். "துளி இருக்கட்டுமேங்கக்கா."

என்னைப் பார்த்தார். கோபமில்லை, அழுகையுமில்லை.

"எதுக்கு கண்ணு?" என்றார்.

பதிலுக்குக் காத்திருந்த மாதிரிதான் இருந்தது. போசியைக் குழாயில் காட்டி அலசினார். துணியால் உள்ளும் புறமும் துடைத்தார். மேடையில் கவிழ்த்து வைத்தார்.